தொட்டால் தெரியாத தேமல்

"குளிக்காமத் திரிஞ்சியெண்டா மேலெல்லாம் வெடிச்சிரும் மனே. மறுகா மாந்தீவுக்குத்தான் தோணியேத்துவாங்க."

எங்கள் அம்மம்மா இதைச் சொல்லாத கிழமையில்லை. வேறு ஊர்ப் பிள்ளைகளைப் பேயும் பிள்ளை பிடிக்கிறவனும் மிரட்டிய காலத்தில், வாவிக்கரையில் வளர்ந்த எங்களை மிரட்டியது ஒரு தீவின் பெயர். மட்டக்களப்பு வாவிக்குள் பச்சையாகக் கிடக்கும் சின்னத் தீவு மாந்தீவு. தோணியில் போகும்போது பார்த்தால் மரம் தெரியும், கூரை தெரியும், ஆள் தெரியாது. எங்களுக்குப் பயமே அந்த ஆள் தெரியாமையில்தான். தொழுநோய் வந்தவர்களை அரசு வைத்திருந்த ஆசுபத்திரி அங்கே இருந்தது.

அம்மம்மாவின் அந்த ஒரு வசனத்தில் இரண்டு பிழைகள் இருந்தன என்பதை வளர்ந்த பிறகுதான் அறிந்தேன். தொழுநோய் குளிக்காததால் வருவதில்லை. வெடித்துக்கொண்டு வருவதும் இல்லை. தோலின் நிறத்தைவிடக் கொஞ்சம் வெளிறிய, அல்லது இலேசாகச் சிவந்த ஒரு தேமலாக அது வந்து உட்காருகிறது. சொறியாது, நோகாது, எரியாது. அம்மம்மா சொன்னதில் உண்மையாக இருந்தது தோணி மட்டும்தான். அவர் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். நோயைப் பற்றி அவருக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆட்களைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போனதைக் கண்டிருக்கிறார். கண்டதை எங்களுக்குச் சொன்னார்.

அந்தத் தோணிக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. 1897 இல் பேர்லினில் கூடிய அனைத்துலகத் தொழுநோய் மாநாடு, நோயாளரைப் பிரித்து வைப்பதே வழி என்று முடிவு செய்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1901 இல், பிரித்தானியர் இலங்கையில் தொழுநோயாளர் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். நோயென்று கண்டால் ஆளைப் பிரித்து அடைத்துவைக்கும் அதிகாரம் அரசுக்குக் கிடைத்தது. மேற்குக் கரையிலே ஒல்லாந்தர் 1708 இல் கட்டிய ஹெந்தளை ஆசுபத்திரி ஏற்கெனவே இருந்தது. கிழக்கிலே சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் மாந்தீவு அதற்கென ஒதுக்கப்பட்டது. இந்த நோயாளருக்குத் தீவு தேடியது நம் நாடு மட்டுமல்ல. ஹவாயின் மொலக்காய், தென்னாபிரிக்காவின் ரொபன் தீவு, 1906 இலிருந்து பிலிப்பைன்சின் கூலியன், 1903 இலிருந்து 1957 வரை கிரேக்கத்தின் ஸ்பினலோங்கா என்று உலகின் பல இடங்களில் இவர்களைத் தண்ணீருக்கு அப்பால் வைத்தார்கள்.

அன்று மருந்து என்று சொல்ல இருந்தது நீரடிமுத்து எண்ணெய். அதை ஊசியால் ஏற்றுவார்கள். குத்திய இடம் நாட்கணக்கில் கடுக்கும், குணம் நிச்சயமில்லை. மருந்து இல்லாத காலத்தில் பிரித்து வைத்ததை அன்றைய வைத்தியர்கள் கொடுமையென்று நினைக்கவில்லை, ஊரைக் காப்பாற்றும் வேலை என்றே நம்பினார்கள். ஆனால் ஊர் அதிலிருந்து படித்துக்கொண்ட பாடம் வேறு. தேமல் கண்டால் மறை. கண்ட ஆசுபத்திரிக்கும் போகாதே. பரிகாரியிடம் போ, பூசாரியிடம் போ, நூல் கட்டு, கோயிலுக்கு நேர்ந்துகொள். வெள்ளைக்கார உத்தியோகத்தன் கண்ணில் மட்டும் படாதே. இத்தனை பெரிய தண்டனை இருக்கும் நோயை எவர் தானாகப் போய்ச் சொல்லுவார்? நோய் தீவுக்குப் போவதற்குப் பதிலாக வீட்டின் பின்னறைக்குப் போனது. அங்கே பக்கத்தில் படுத்த பிள்ளைக்கும் பேரனுக்கும் போனது.

எங்கள் பக்கத்து நிலத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வடக்குத் தெற்காகக் கிடக்கும் இந்த வாவி மாவட்டத்தை இரண்டாக வகுக்கிறது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. கடலும் தெருவும் பட்டினமும் சந்தையும் அங்கே. சூரியன் படும் பக்கம் படுவான்கரை. வயலும் குளமும் மாட்டுப்பட்டியும் காடும் இங்கே. 1814 இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் பள்ளிக்கூடம் தொடங்கினார். தொடங்கிய மறு ஆண்டே இங்கேயே கண்ணை மூடினார். அவர் போட்ட விதை இன்றைக்கு மெதடிஸ்த மத்திய கல்லூரி. சுவாமி விபுலானந்தர் 1929 இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைக் கட்டினார். நாட்டின் மிகப் பழைய கல்விக்கூடங்களில் சில எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. ஆனால் கல்லடியிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில், தண்ணீருக்கு அந்தப் பக்கம், தன் பெயரை எழுதத் தெரியாத பெண்கள் நூறு ஆண்டு கழித்தும் இருந்தார்கள். எங்கள் அம்மம்மா அவர்களில் ஒருவர். மண்முனைத்துறையிலிருந்து பாதையேறிப் படுவான்கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். பாதை என்றால் எங்கள் ஊரில் தெருவல்ல. ஆளையும் சைக்கிளையும் நெல்மூட்டையையும் ஏற்றித் துறைக்குத் துறை போகும் மிதவை.

அந்தப் படுவான்கரையில்தான் என் தாயின் தம்பி இருந்தார். பெரிய வயல்காரர் இல்லை. அரை ஏக்கர் வேளாண்மை, மிச்ச நேரம் வாவியில் வீச்சுவலை. 1994 அளவில் அவருடைய வலது முழங்கைக்குக் கீழே ஒரு வெளிறிய வட்டம் வந்தது. வாவிக்கரை வேர்வைக்குத் தேமல் வராத ஆம்பிளை யார்? வண்டுகொல்லி இலையை அரைத்துப் பூசினார். போகவில்லை. சொறியாததால் மறந்துவிட்டார். அடுத்த வருசமோ அதற்கடுத்த வருசமோ ஒரு நாள் மாமி கஞ்சி வடிக்கும்போது, பானையைப் பிடிக்கப்போனவரின் கையில் வடிகஞ்சி கொட்டியது. மாமிதான் கத்தினார். மாமா சிரித்துக்கொண்டு, "எனக்குச் சுடல்ல, நீ ஏன் கத்துறாய்?" என்றாராம். உழைத்துக் காய்த்த கை என்று அதை ஊரே பெருமையாகப் பேசியது. வலை கயிறு அறுத்தும் நோகாத கை, சிப்பி ஓடு கிழித்தும் நோகாத கை. கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னவிரலும் மோதிரவிரலும் உள்நோக்கி மடங்கத் தொடங்கின.

நோகாத கை என்றால் என்ன என்பதை உலகுக்கு விளக்கியவர்களில் முதன்மையானவர் தமிழ்நாட்டில் பிறந்தவர். போல் பிராண்ட் என்ற அந்தச் சத்திரசிகிச்சை நிபுணர் 1914 இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தார். 1946 இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளரின் மடங்கிய விரல்களைத் தசைநார் மாற்றி நிமிர்த்தும் சிகிச்சையை வளர்த்தார். பின்னர் 1955 இல் கரிகிரியில் எழுந்த ஆராய்ச்சி நிலையத்தோடும் அவருடைய பணி இணைந்திருந்தது. விரல்கள் அழுகி விழுகின்றன என்று காலகாலமாக எல்லோரும் நம்பியிருந்ததை அவர் பார்த்துப் பார்த்துப் பிழையென்று காட்டினார். கிருமி நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு கெட்டால் வலி போய்விடுகிறது. வலி போனவன் சூடான பானையைப் பிடித்தபடி நிற்கிறான், முள் ஏறிய காலோடு ஐந்து மைல் நடக்கிறான். சிலருக்கு இரவில் எலி விரலைக் கடித்ததுகூடத் தெரியவில்லை. அதைக் கண்டபிறகு அவர் நோயாளருக்குப் பூனைகளைக் கொடுத்தார் என்பது எனக்கு மறக்கவே முடியாத தகவல். ஒரு வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டில் ஒரு பூனை! அவர் தன் நோயாளருக்கு மருந்தளவு பாடமும் கொடுத்தார். ஒவ்வொரு நாளும் படுக்குமுன் கையையும் காலையும் கண்ணால் பார், வலி சொல்ல வேண்டியதை இனிக் கண்தான் சொல்ல வேண்டும் என்றார்.

என் மாமாவுக்கு அந்தப் பாடத்தைச் சொல்ல அந்தக் கரையில் ஒருவரும் இருக்கவில்லை. நாட்டில் இருந்தார்கள். அதுதான் என் நெஞ்சை இன்றும் அரிக்கும் விசயம்.

1940களில் டாப்சோன் வந்தது. 1981 இல் உலக சுகாதார நிறுவனம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இலங்கை 1983 இலேயே அதைத் தொடங்கிவிட்டது. கிருமி குறைந்த வகைக்கு ஆறு மாதம், கூடிய வகைக்குப் பன்னிரண்டு மாதம். குளிசையை ஒழுங்காகப் போட்டால் நோய் முற்றாகக் குணம். குடிக்கத் தொடங்கிய சில நாட்களிலேயே அந்த ஆளிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது நின்றுவிடும். காசும் இல்லை. மருந்து வந்த பிறகும் ஆட்கள் வரவில்லை. எண்பது வருசம் தோணியைக் காட்டிப் பயப்படுத்திய சனத்தை ஒரு குளிசைப் பெட்டியைக் காட்டி ஒரே நாளில் கூப்பிட முடியுமா?

சுகாதார அமைச்சுக்கு இது விளங்கியது. 1990 இல், சுவிட்சர்லாந்தின் சீபா-கைகி நிறுவனத்தின் தொழுநோய் நிதியத்தோடு சேர்ந்து, நாடு தழுவிய ஒரு பிரசாரத்தைத் தொடங்கினார்கள். சவர்க்காரத்துக்கும் தேயிலைக்கும் விளம்பரம் செய்வதுபோல ஒரு நோய்க்கு விளம்பரம். வானொலி, தொலைக்காட்சி, சுவரொட்டி எல்லாவற்றிலும் ஒரே செய்தி: இது மற்ற வருத்தங்களைப் போல ஒரு வருத்தம், தேமலைக் கண்டால் வைத்தியரிடம் போ, குணமாகும். சனம் கேட்டது. கண்டுபிடிக்கப்பட்டு இழுத்து வரப்பட்டவர்கள் போய், தேமலைத் தாங்களே தூக்கிக் காட்டிக்கொண்டு வருகிறவர்கள் கூடினார்கள். பயம் காட்டாமல் படிப்பித்தால் சனம் வரும் என்பதற்கு உலகம் முழுக்க எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் வேலை அது. என்னைக் கேட்டால், நம் நாடு செய்த மிக நல்ல காரியங்களில் ஒன்று என்று தயங்காமல் சொல்லுவேன்.

ஆனால் அதே 1990 ஜூனில் கிழக்கில் போர் மறுபடி வெடித்தது.

அந்த வருசம் எங்கள் மாவட்டத்தில் நடந்தவற்றை இந்தக் கட்டுரைக்குள் அடக்க முடியாது, அடக்கவும் கூடாது. எனக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். கொழும்பில் தொலைக்காட்சியில் தேமலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, படுவான்கரையில் தொலைக்காட்சிக்கு மின்சாரம் இல்லை. வானொலிப் பெட்டிக்குப் பற்றரி கிடைப்பது அரிது. பட்டினத்து ஆசுபத்திரிக்கு வருவதென்றால் துறையும் பாதையும் சோதனைச் சாவடியும் அடையாள அட்டையும். பிரசவ வலிக்கும் பாம்புக்கடிக்கும் மட்டும்தான் சனம் அந்த வழி வந்தது. நோகாத ஒரு தேமலுக்காக யார் சாவடியில் வரிசையில் நிற்பார்?

2002 இல் போர்நிறுத்தம் வந்த பிறகு, கண் மங்குது என்று மாமா பாதையேறிப் பட்டினம் வந்தார். கண்ணைப் பார்க்கப் போன இடத்தில் ஒரு தாதி கையைப் பார்த்தார். பஞ்சை நூலாகத் திரித்து முழங்கைக்குக் கீழே தொட்டு, "தெரியுதா ஐயா?" என்று கேட்டார். மாமாவுக்கு விளங்கிவிட்டது. அவர் கேட்ட முதல் கேள்வி, "மாந்தீவுக்கா?"

"இல்ல ஐயா. வீட்டுக்குத்தான். குளிசையோட."

மாமா ஆசுபத்திரி வாங்கில் இருந்து அழுதார் என்று கூடப்போன என் தம்பி சொன்னான். பன்னிரண்டு மாதம் ஒரு நாள் தவறாமல் குளிசை போட்டார். கிருமி போனது. மடங்கிய விரல்கள் மடங்கியபடியே நின்றன. எட்டு வருசத்துக்கு முன் யாராவது ஒரு பிள்ளை, ஒரு வாத்தியார், ஒரு குடும்பநல உத்தியோகத்தர் ஒரு பஞ்சுத் துண்டால் தொட்டுப் பார்த்திருந்தால் அந்த விரல்கள் கடைசிவரை வலை வீசியிருக்கும்.

படிப்பு உயிரைக் காக்கும் என்பது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1930களில் இலங்கையில் 1,00,000 பிள்ளைகள் உயிரோடு பிறந்தால் 2,000 தாய்மாருக்கு மேல் இறந்தார்கள். இந்த நூற்றாண்டில் அந்தத் தொகை முப்பது, நாற்பது என்ற அளவுக்கு இறங்கியது. கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945 இல் வந்தது. கிராமத்துப் பெண்பிள்ளை பள்ளிக்கூடம் போனாள். அவள் தாயானபோது கிளினிக் கொப்பியை வாசிக்கத் தெரிந்தது, ஊசித் திகதி நினைவில் நின்றது. அதைவிட முக்கியம், வைத்தியரிடம் திருப்பிக் கேள்வி கேட்கும் துணிவு வந்தது. அவுஸ்திரேலியக் குடித்தொகையியலாளர் ஜோன் கால்டுவெல் 1986 இல் ஏழை நாடுகளில் சாவு எப்படிக் குறைந்தது என்று ஆராய்ந்தபோது, எடுத்துக்காட்டாகக் கொண்டவை கேரளம், இலங்கை, கொஸ்தாரிக்கா. மூன்றிலும் பெண்களின் படிப்பு பெரிய காரணமாக இருந்ததை அவர் எடுத்துச் சொன்னார். எங்கள் வீட்டிலேயே அதைக் காணலாம். அம்மம்மா பெற்றது ஒன்பது, தங்கியது ஐந்து. ஐந்தாம் வகுப்புப் படித்த அம்மா பெற்றது நான்கு, நால்வரும் இருக்கிறோம்.

மலேரியாவின் கதை இதைவிட உறைப்பானது. டீ.டீ.ரீ. பூச்சிமருந்து தெளித்துத் தெளித்து, 1963 இல் நாடு முழுக்க 17 பேருக்குத்தான் மலேரியா என்ற நிலை வந்தது. வென்றுவிட்டோம் என்று தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நோயாளர் தொகை 5,00,000 ஐத் தாண்டியது. எங்கள் வயல் ஊர்களில் காய்ச்சல் இல்லாத வீடில்லை. பிறகு எத்தனையோ பத்தாண்டுகள் பாடுபட்டு, 2012 இல் உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா பதிவாகி, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று கிடைத்தது. 17 என்ற அந்த இலக்கத்தைக் கண்டு கையைக் கட்டிக்கொண்ட தவறுக்கு நாடு கொடுத்த விலை அத்தனை ஆண்டுகள்.

தொழுநோயிலும் அதே 17 வந்தது. 1995 இல் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து தொழுநோய் நீக்கப்பட்டுவிட்டதாக இலங்கை அறிவித்தது. அந்த வசனத்தின் பொருள், 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவானவரே சிகிச்சையில் இருக்கிறார் என்பது. நோய் இல்லாமற் போய்விட்டது என்பதல்ல. ஆனால் சனத்தின் காதில் விழுந்தது "ஒழிஞ்சு போச்சு" என்பதுதான். 2001 இல் தொழுநோய்ச் சேவை தனி இயக்கத்திடமிருந்து பொதுவான சுகாதாரச் சேவைக்குள் கொண்டுவரப்பட்டது. முடிவு சரியானது. தொழுநோயாளர் மற்ற நோயாளரோடு ஒரே வரிசையில் நிற்பதுதான் மரியாதை. ஆனால் பாடம் சொல்லும் குரல் மெலிந்துவிட்டது. விளம்பரம் போனது, சுவரொட்டி கிழிந்தது. நாட்டில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுபவர்களின் தொகை பல ஆண்டுகளாக 1,500 க்கும் 2,000 க்கும் இடையிலேயே நின்றது. பத்தில் ஒருவர் அளவில் பிள்ளைகள். பிள்ளைக்கு வந்திருக்கிறது என்றால் அண்மையில், பக்கத்தில், மருந்து குடிக்காத ஒருவர் இருக்கிறார் என்று பொருள். புதிய நோயாளர் கூடுதலாகக் காணப்படும் மாவட்டங்களில் மட்டக்களப்பும் ஒன்று. உலகத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,00,000 புதிய நோயாளர். அவர்களில் பாதிக்கு மேல் இந்தியாவில். ஆகவே இது எங்கள் கரைக்கு மட்டும் உரிய குற்றமுமில்லை, வெட்கமுமில்லை. ஆனால் எங்கள் கரையில் செய்ய வேண்டிய வேலையை நாங்கள்தான் செய்ய வேண்டும்.

செய்கிறார்கள். 2014 ஏப்ரலில் மண்முனைத்துறையில் பாலம் திறந்தார்கள். அம்மம்மா பாதைக்குக் காத்திருந்த துறையை இன்றைக்கு மோட்டார் சைக்கிளில் கண்மூடித் திறப்பதற்குள் கடந்துவிடலாம். அந்தப் பாலத்தால் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போன ஒரு காலையில், ஒரு பாடசாலையில் பி.எச்.ஐ. என்று நாங்கள் கூப்பிடும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேசையில் ஒரு பேனையும் கொஞ்சம் பஞ்சும். "தேமல் எண்டாச் சொறியும். சொறியாட்டி யோசிக்கணும்," என்றார். ஒரு பையனைக் கூப்பிட்டுக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் புறங்கையைத் தொட்டார். பையன் தொட்ட இடத்தை விரலால் காட்டினான். வகுப்பே கை தட்டியது. பிறகு ஒரு பெண்பிள்ளை எழும்பி, "சேர், தொட்டாத் தெரியாதவருக்குப் பக்கத்தில இருந்தா எங்களுக்கும் வந்திருமா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அவரும் நன்றாகப் பதில் சொன்னார். பெரும்பாலானவர்களின் உடம்பு இந்தக் கிருமியைத் தானே எதிர்த்துவிடும். மருந்து குடிக்காத ஒருவரோடு நெடுங்காலம் நெருங்கி இருந்தால்தான் பயம். மருந்து தொடங்கிவிட்டால் பக்கத்தில் இருந்து சோறு சாப்பிடலாம். எங்கள் வகுப்பில் இதை ஒருவர் சொல்லியிருந்தால், என்று என் மனம் அடித்துக்கொண்டது.

படிப்பிப்பவர்களும் மாறிவிட்டார்கள். அன்று வைத்தியரும் தாதியும் எங்கோ தெற்கிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வர வேண்டும். வந்தவர் இடமாற்றம் கேட்டுக்கொண்டே இருப்பார். இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம் இருக்கிறது. மட்டக்களப்பு ஆசுபத்திரி போதனா வைத்தியசாலையாகிவிட்டது. தாதியர் கல்லூரியும் இங்கேயே. வெள்ளை உடுப்போடு படலையைத் திறந்துகொண்டு வரும் பிள்ளை, "என்னகா, எப்பிடி இரிக்கிறியள்?" என்று எங்கள் பேச்சில் கேட்கும்போது பாதிப் பயம் போய்விடுகிறது. குடும்பநல உத்தியோகத்தரை எங்கள் சனம் மிட்வைவ் மிஸ் என்றுதான் கூப்பிடும். அந்த மிஸ் ஆண் வைத்தியரிடம் முதுகைக் காட்டக் கூசும் பெண்ணின் வீட்டுக்குள் போக முடிகிறவர். பிள்ளையை நிறுக்கும்போது பிள்ளையின் தோலையும் பார்க்கிறார், கதையோடு கதையாகத் தாயின் கையையும் பார்த்துவிடுகிறார். எனக்கு இந்தச் சங்கிலியில் மிகப் பெரியவர் அவர்தான்.

இன்னும் செய்யலாம் என்பது என் எண்ணம். பாடசாலையை விட்டவர்களும் பாடசாலைக்குப் போகாதவர்களும்தான் இங்கே கடைசியில் அகப்படுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அறநெறிப் பாடசாலை ஒவ்வொரு கோயிலிலும் நடக்கிறது. பள்ளிவாசலோடு குர்ஆன் மதரஸா இருக்கிறது. தேவாலயத்தில் மறைக்கல்வி வகுப்பு. மீனவர் கூட்டுறவுச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் என்று கூடும் இடங்கள் எத்தனையோ. வருசத்துக்கு ஒரு மணித்தியாலம், ஒரு பஞ்சுத் துண்டு. தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் இதில் பேதமில்லை. கிருமி இரண்டு கரையையும் இரண்டு சமயத்தையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

பயம் குறைந்த அளவுக்கு வெட்கம் குறையவில்லை. குளிசை அட்டையை அரிசி வாளிக்குள் ஒளித்துவைக்கும் வீடுகள் இன்றும் உண்டு. அக்காவின் கலியாணம் முடியும்வரை தம்பியின் தேமலைப் பற்றிப் பேசாத வீடும் உண்டு. பி.எச்.ஐ. யின் மோட்டார் சைக்கிள் படலையில் நின்றால் அயல் கதைக்கும் என்று, "சேர், ஒழுங்கை முனையில நில்லுங்க, நாங்க வாறம்" என்கிறார்கள். பக்கத்துக் கிளினிக்கை விட்டுத் தெரியாத ஊர்க் கிளினிக்குக்குப் பஸ் ஏறுகிறார்கள். குஷ்டம் என்ற சொல்லை வசவாக வாயில் வைத்திருப்பவர்கள் பள்ளிக்கூடத்திலும் இருக்கிறார்கள், மேடையிலும் இருக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்ட பிள்ளை தன் தேமலைச் சட்டைக்குள் இழுத்து மூடிக்கொள்ளும். அதனால் இந்தப் பாடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்வதோடு நிற்காமல் வாத்தியார்மாருக்கும் முதலில் சொல்ல வேண்டும்.

மாந்தீவில் ஆட்கள் குறைந்து குறைந்து, சில ஆண்டுகளுக்கு முன் எஞ்சியிருந்தவர்கள் முதியவர்கள் சிலர்தான். நோய் எப்போதோ குணமாகிவிட்டது. போவதற்குத்தான் வீடு இல்லை. தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்த பிறகு, பேர் சொல்லக் கூசும் உறவுகளிடம் திரும்பிப் போக அவர்களுக்கு மனமில்லை. தீவுதான் வீடு. இந்த வாவியில் தோணி விடும்போதெல்லாம் அந்தப் பக்கம் பார்த்து ஒரு கணம் துடுப்பை நிறுத்திவிடுவேன்.

போன தை மாதம் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய பேத்தி ஆறாம் வகுப்பு. பாடசாலையில் ஒப்படை கொடுத்திருக்கிறார்கள்: வீட்டில் உள்ள எல்லோரின் தோலையும் பார்த்து, தேமல் இருந்தால் தொட்டுப் பார்த்து, கொப்பியில் எழுதிக்கொண்டு வர வேண்டும். தகப்பனைப் பார்த்தாயிற்று, தாயைப் பார்த்தாயிற்று, என்னையும் விடவில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லிக் கண்ணை மூடச் சொன்னாள். முதுகில் பஞ்சு பட்ட இடத்தையெல்லாம் சொன்னேன். பேரும் வயசும் எழுதி, பக்கத்தில் ஒரு சரி போட்டாள்.

தங்கச்சிதான் ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு ஒண்டுமில்லகா. போய்ப் படி, போ."

"ஒண்டுமில்லாததத்தானே பாக்கணும், அம்மம்மா. நொந்தா நீங்களே சொல்லுவீங்களே."

தங்கச்சி என்னைப் பார்த்தாள். எங்கள் இருவருக்கும் மாமாவின் கை நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பின்னேரம் கிணற்றடியில் குளிக்கும்போது பார்க்கலாம் என்று உடன்பாடானது. பேத்தி பஞ்சை ஈரமாகாமல் ஒரு பொலித்தீன் பையில் போட்டு முடிந்து, கொப்பிக்குள் வைத்துக்கொண்டாள்.